அந்தாட்டிக்கா மொட்டை

நகுலேஸ்வரி கதவைத் திறந்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டு டொலறஸ் கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டாள். கையில் புட்டுச் சட்டி வேறு.

"எப்பிடியடி நடந்தது? நேற்றும் பஸ் ஸ்டொப்பிலை என்னோட சிரிச்சுக் கதைச்ச மனுசன்."

"ஆர்?"

"உம்மட மனுசன், ஸ்ரீதரன் அண்ணைதான். லதீசன்ர படத்தை உம்மட ஸ்டேட்டஸிலை பாத்தவுடனை விளங்கிட்டுது."

மகன் லதீசனுக்கு அந்தாட்டிக்கா ஆராய்ச்சி நிலையத்தில் எலக்ட்ரீசியன் வேலை. இங்கே நோர்பரியில் ஆனி வெயில் கொளுத்தும்போது அங்கே நடு மாரிக் குளிர், சூரியனே கிடையாது. அதைக் கொண்டாட எல்லாரும் மொட்டையடித்து, பனிக்கட்டியில் வெட்டிய குழிக்குள் முழுகி எழும்பினார்களாம். மற்றவர்கள் ஜட்டியோடு குதிக்க, இவன் மட்டும் வேட்டியோடு குதித்திருந்தான். பெற்றவள் பெருமையில் படத்தைப் போட்டுவிட்டாள்.

மொட்டை, ஈர வேட்டி, வெறும் மேல். கீரிமலையில் தகப்பனுக்குக் காரியம் முடித்து வந்த பிள்ளை மாதிரியே இருந்தான். சனத்தைக் குறை சொல்ல ஏலாது.

"அவர் மேலை குளிக்கிறார்" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஊர்க்காரர் கிறிஸ்துநாயகம் பிளாஸ்கில் கோப்பியும், வாற சனம் இருக்கக் காரில் கதிரைகளுமாக வந்து இறங்கினார்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சு தங்கச்சி. கிங்ஸ்பரிக்கும் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டன்."

கிங்ஸ்பரியில் இருப்பது ஸ்ரீதரனின் தமையன் தர்மலிங்கம். லதீசனின் முதலாவது பிறந்தநாளுக்குத் தன்னை முன்வரிசையில் இருத்தவில்லை என்று கோவித்துப் போனவர். பொடியன் வளர்ந்து துருவத்துக்கே போய்விட்டான். அவர் இன்னும் நோர்பரிப் பக்கம் வரவில்லை. அதை நினைத்து ஸ்ரீதரன் சாப்பாட்டை அளைந்துகொண்டு இருக்கிற நாட்கள் உண்டு.

நகுலேஸ்வரி மேலே ஓடினாள்.

"கீழை உங்கட செத்தவீடு நடக்குது. வந்து முகத்தைக் காட்டுங்கோ."

ஸ்ரீதரன் தலை துவட்டியபடியே எல்லாத்தையும் கேட்டார்.

"அண்ணைக்கும் சொல்லியாச்சாமோ?"

"ஓம்."

"அப்ப கொஞ்சம் பொறும். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதையும்."

கட்டிலில் இருந்துவிட்டார். செத்தவீட்டில் தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்க மனுசனுக்கு ஆசை பிடித்துவிட்டது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே போய் வெட்கத்தில் அழுதாள். அதையும் துக்கமென்றே எடுத்துக்கொண்டார்கள். டொலறஸ் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தர்மலிங்கம்.

"தம்பி, என்னை விட்டிட்டுப் போட்டியேடா" என்று கதவு நிலையைப் பிடித்தபடி சரிந்து அழுதார்.

படியில் காலடிச் சத்தம். செத்தவர் சாரம் கட்டியபடி இறங்கி வந்தார். கிறிஸ்துநாயகத்தின் கோப்பி முழுக்கக் கொட்டுப்பட்டது.

தர்மலிங்கம் எழும்பி அறையக் கை ஓங்கினார். "இதென்னடா விளையாட்டு?"

ஸ்ரீதரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி உன்ர செத்தவீட்டுக்குத்தான் வருவன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டெல்லே போனனீங்கள். இப்ப சத்தியமும் காப்பாத்தியாச்சு. உள்ளுக்கு வாங்கோ அண்ணை, முன்வரிசையிலை கதிரை போட்டிருக்கு."