பால்கனிக் கதவு

காபிக் கடைகள் நிறைந்த அந்தத் தெருவுக்குத் தான் வந்ததே இல்லை என்று செழியன் லிஃப்டில்தான் மனைவி வான்மதியிடம் சொல்லியிருந்தான். தரகர் இரண்டு படுக்கையறைகளையும் காட்டிவிட்டுப் பால்கனிக் கதவோடு மல்லுக்கட்டினார்.

"முன்னாடி குடியிருந்த பொண்ணு எப்படித்தான் திறந்துச்சோ."

செழியன் கைப்பிடியைச் சற்றே தூக்கி, முழங்காலால் அடியில் ஒரு தட்டுத் தட்டினான். கதவு திறந்துகொண்டது. அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

வான்மதி அவனைப் பார்க்கவில்லை. "இந்த வீட்டையே முடிச்சிருங்கண்ணே," என்றாள் தரகரிடம்.

பால் காய்ச்சிய அன்று, உறவினர் எல்லாரும் கிளம்பிய பிறகு, அவள் அந்தக் கதவைச் சாத்தினாள். கைப்பிடியைத் தூக்கினாள், தட்டினாள். பட்டுப்புடவைக்குள் முழங்கால் கன்றிப்போனதே தவிர, கதவு அசையவில்லை.

செழியன் கை நீட்டினான்.

"நீங்க தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டினாள்.