அசையாத குழல்
பிர்ச் மரங்களுக்கிடையே சாய்ந்து விழும் செப்டம்பர் வெயிலில் சிர்க்கா குப்புறப் படுத்திருக்கிறாள். போன வருடம் துப்பாக்கி பின்னுக்கு உதைத்தபோது அதன் மேலிருந்த தொலைநோக்கி கிழித்த தழும்பு புருவத்தில் இன்னும் சிவந்திருக்கிறது. அன்றிலிருந்து விசையைத் தொட்டாலே கண் மூடிக்கொள்கிறது, குழல் தாழ்ந்துவிடுகிறது. மூஸ் மான் வேட்டைக்கான தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. கடைசி வாய்ப்பு நாளைக்கு. தம்பி வெய்க்கோ அவளைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு, குழல் இலக்குப் பலகையைப் பார்த்தபடியே துப்பாக்கியைத் தயார் செய்கிறான். "உள்ள குண்டு இருக்கா இல்லையான்னு சொல்ல மாட்டேங்க்கா. வெறும் துப்பாக்கிக்கே நீ அசையறியான்னு பாக்கணும்." "சொல்லித் தொலைடா!" "ஊருக்கே ஊசி போடற நர்சு, இந்த உதைக்குப் போயி பயப்படறியே!" சிர்க்கா துப்பாக்கிக் கட்டையைத் தோள்குழியில் இறுக்கிப் பாதி மூச்சை விடுகிறாள். விரல் மெல்ல, மிக மெல்ல அழுத்துகிறது. 'டிக்' என்று வெறும் சத்தம், குண்டில்லை. வெய்க்கோவின் குரலில் கேலி காணாமல் போயிருக்கிறது. "அக்கா, குழல் நூலளவுகூட அசையல." "தெரியும்டா. கண்ணத் தொறந்துதானே வச்சிருந்தேன். குண்டப் போடு." இந்தமுறை வெடிச்சத்தம் ஏரிக்கு அப்பால் வரை எதிரொலிக்கிறது. தோள் உதையை வாங்கிப் பின்வாங்கி நிலைக்கிறது. தொலைநோக்கியில், கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில், குண்டு துளைத்த ஒரு பொட்டு வெளிச்சம். அவள் கண்ணை எடுக்காமலே கையை நீட்டுகிறாள். "இன்னொண்ணு குடு."