சுகிர்தாவின் குடியுரிமை

ஆட்சி மாறி, வெளியேறிய எல்லோரும் திரும்பி வரலாம் என்று அறிவித்த பிறகு, நானும் என் மனைவி சுகிர்தாவும் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கினோம். சுகிர்தா இறந்து ஒரு வருடமாகிறது. என் கைபேசியில் இருப்பது அவளுடைய நகல். அவளைப் போலவே யோசிக்கும். அவள் குரலில் பேசும்.

குடிவரவு மேசையில் இருந்த பெண் என் கனடாக் கடவுச்சீட்டைப் புரட்டினார்.

"உங்களுக்கு ஒரு மாத விசா, அண்ணை." பிறகு திரையைப் பார்த்தார். "அக்கா கனடாவில அகதி வழக்கு முடிய முந்தியே காலமாயிட்டா. அப்ப அவ இன்னும் எங்கட நாட்டு ஆள்தான். நகலுக்கும் அதே சட்டம்." என் கைபேசியின் பக்கம் குனிந்தார். "அக்கா, நிக்கிறியளோ, இவரோட திரும்பிப் போறியளோ? நிண்டா போன் இஞ்சதான் இருக்கும்."

ஒரு சேலை எடுக்கக் கடையில் அரைநாள் நிற்பவள் சுகிர்தா.

"நிக்கிறன்," என்றாள் உடனேயே.

"என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம்," என்றேன்.

"கேட்டா வேண்டாம் எண்டுவியள்."

அந்தப் பெண் சிரித்துவிட்டார். கைபேசியை வாங்கி, பின்னாலிருந்த தட்டில் மற்றக் கைபேசிகளுக்கு நடுவே வைத்தார். என் கை சிறிது நேரம் நீட்டியபடியே இருந்தது.

தட்டிலிருந்து ஒரு முதியவரின் குரல் கேட்டது.

"பிள்ளை எந்த ஊர்?"

"மயிலிட்டி, ஐயா."

"ஆரின்ர மகள்?"

சுகிர்தா சொல்லத் தொடங்கினாள். தகப்பனின் பெயர், அவருடைய வள்ளத்தின் பெயர், வீடிருந்த கோயிலடி ஒழுங்கை. அவள் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"போயிட்டு வாறன்," என்றேன்.

அவள் பேச்சை நிறுத்தவில்லை.