உணர்ச்சி போதவில்லை

நர்சிங் கல்லூரியில் மாணவிகள் வாரந்தோறும் அனுபவக் குறிப்பு எழுதித் தர வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. அப்பா இறந்து ஊரிலிருந்து திரும்பிய செண்பகவல்லி உள்ளதை எழுதினாள்: அப்பா கடைசிவரை கண் திறக்கவில்லை, எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது. பேராசிரியை ஜெசிந்தா அதை வகுப்பில் உரக்கப் படித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“உணர்ச்சியே இல்லையேம்மா. வேற எழுதிட்டு வா.”

“நடந்தது இதுதான் மேடம்.”

“நடந்ததை யாரு கேட்டா?”

மறுநாள் எழுதியதில் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லி அழைத்துவிட்டுச் செத்தார். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு முழு மதிப்பெண் போட்டார்.

முப்பதாம் நாள் காரியத்தில் அத்தை கேட்டாள்: “கடைசியில அண்ணன் ஏதாச்சும் சொல்லுச்சாடி?”

மதிப்பெண் வாங்கிய வரிகளைத்தான் செண்பகவல்லி சொன்னாள். அத்தை அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.