போனில் கேட்ட கேள்வி

"பயப்படாதே கண்ணு. உனக்கும் குற்றவாளிக் கூண்டுல நிக்கிற அவங்களுக்கும் நடுவுல திரை போட்டிருப்பாங்க. யார் மூஞ்சியையும் நீ பார்க்க வேண்டியதில்லை."

நீதிமன்ற வராந்தா பெஞ்சில் இருந்த அந்த இளம்பெண்ணின் கை சில்லிட்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் அதைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டார். அரைமணி நேரப் பழக்கம்தான்.

"போலி அடையாளப் பேப்பர்ல வேலைக்கு வந்தவதானே நீன்னு என் மேலயே கேஸைத் திருப்பிட்டா?"

"முடியாது. ஏமாத்திக் கூட்டிட்டு வந்தவங்க மேலதான் கேஸ், வந்து மாட்டினவங்க மேல இல்லை. சட்டமே அப்படித்தான். உன் பேரைக்கூட வெளிய விட மாட்டாங்க."

"நீங்க வக்கீலாம்மா?"

"இல்லை. நானும் ஒரு சாட்சிதான்."

டவாலி வந்து கூப்பிட்டான். அவள் உள்ளே போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் முகத்தில் புது ரத்தம் ஓடியது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா! பேப்பரைப் பிடுங்கிக்கிட்டது, ஒரே ரூம்ல பதினோரு பேரை அடைச்சு ராப்பகலா தைக்க வச்சது, எல்லாம். அவங்க வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்டார். கடைசில அவருக்குத்தான் வேர்த்துக் கொட்டுச்சு."

அம்மா சிரித்தார். அவளும் சிரித்தாள். உடனே கண் கலங்கியது.

"இப்போ தங்க இடம் இருக்கு, வேலை இருக்கு. சாயங்காலம் நானா கடைக்குப் போய் நானா திரும்பி வரேன். இதெல்லாம் யாரால தெரியுமாம்மா? யாரோ போலீசுக்கு போன் பண்ணியிருக்காங்க. 'அந்தப் பொண்ணுங்களைப் பிடிச்சு உள்ள போட மாட்டீங்களே?'ன்னுதான் முதல்ல கேட்டாங்களாம். சட்டத்துல அதுக்கு இடமே இல்லைன்னு சொன்னப்புறம்தான் விலாசத்தையே கொடுத்தாங்களாம். பெத்த தாய்க்குக்கூட அப்படிக் கேட்கத் தோணாதும்மா. அவங்க யாருன்னு தெரிஞ்சா போதும், கால்ல விழுந்துடுவேன்."

அம்மா கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"போன்ல தகவல் கொடுத்த சாட்சி, வாங்க!" டவாலி குரல் கொடுத்தான்.

அம்மா எழுந்தார்.

 அவள் அப்படியே குனிந்து அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாம்மா? உங்களுக்குப் பிள்ளையா பொறந்தவங்க கொடுத்து வச்சவங்கம்மா!"

அம்மா அவளைத் தூக்கி நிறுத்திக் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"எனக்கு ஒரே பையன் கண்ணு. வேலை பார்க்கிற இடத்தைக் கண்ணுல காட்டவே மாட்டேன்னுட்டான். ஒருநாள் நானா தேடிப் போனேன். பூட்டு வெளிய தொங்குது, உள்ள மெஷின் ஓடுது..." அம்மா நீதிமன்றக் கதவைப் பார்த்தார். "உள்ள கூண்டுல முதல் ஆளா நிக்கிறானே, அவன்தான்."