ஒன்பது வீட்டுக் கம்பி

“எல்லாரும் போனை வைங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வைங்க!”

சுவரில் மாட்டியிருந்த பெட்டிக்குள் கத்தினாள் எட்னா ப்ரூயிட்.

ஐயோவாவின் அந்தச் சோளக்காட்டில் ஒன்பது பண்ணை வீடுகளுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. யாருக்கு அழைப்பு வந்தாலும் ஒன்பது வீட்டிலும் மணி அடிக்கும். ஒன்பது வீட்டிலும் எடுப்பார்கள். ஆள் கூடக் கூடப் பேசுகிறவர் குரல் தேய்ந்துகொண்டே போகும்.

நல்ல காலத்தில் போனுக்கு வருடத்துக்கு ஒரு புதுப் பாட்டரி போட்டார்கள். இது 1932. பாட்டரி மாற்றி மூன்று வருடம் ஆகிறது. அடுப்பில் சோளம் எரிந்துகொண்டிருந்தது. விலை அடிமட்டத்துக்குப் போய், விற்பதைவிட எரிப்பது மேல் என்ற நிலைமை.

“யாருடி எட்னா? வெஸ்லியா?” பக்கத்துப் பண்ணை மேபல் கேட்டாள்.

“வெஸ்லிதான்! நெவாடாவுலேருந்துன்னு எக்ஸ்சேஞ்சுப் பொண்ணு சொன்னா. மூணு நிமிஷம்தானாம். வைடி!”

“உயிரோட இருக்கானா? உன் புள்ளையாச்சே, அவ்வளவு லேசுல போயிடுவானா! சாப்பிட்டானான்னு கேளு.”

“நீ வச்சாத்தானே கேக்க முடியும்!”

கிளிக்.

வெஸ்லி 1928இல் குதிரைகளை விற்று டிராக்டர் வாங்கியவன். 1930இல், தவணை கட்டவில்லையென்று டிராக்டரை விற்றவனே வந்து ஓட்டிக்கொண்டு போனான். “இனிமே இந்த வாசல்ல உன் கால் படக் கூடாது” என்றார் அப்பா ஹார்வி. அன்றே சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு போனவனிடமிருந்து இரண்டு வருடமாகத் தகவலே இல்லை.

போன மார்ச்சில் ஹார்வி நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார். மகனுக்குச் சொல்லி அனுப்ப முகவரி கூட இல்லை.

“வெஸ்லி? அம்மாடா. கேக்குதா?”

இரைச்சல். அதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் என்னவோ ஒன்று.

“சத்தமாப் பேசு கண்ணு!”

கிளிக். கிளிக். ஒவ்வொரு வீடாக வைத்தார்கள். எட்னா எண்ணினாள். மேபலோடு சேர்த்து ஏழு.

எட்டாவது கிளிக் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு சுவர்க் கடிகாரம்: டிக், டிக்.

கெசீனா ஹார்ம்ஸ் வீட்டுக் கடிகாரம் அது. எல்லாருக்கும் தெரியும். கம்பியில் அவள் வீடு முதல் வீடு, ஊரை ஒட்டினாற்போல. எட்னாவுடையது கடைசி. பதினான்கு வருடமாக யார் பேசினாலும் பின்னால் அந்தக் கடிகாரம் ஓடும். கெசீனா மட்டும் போனில் வாயைத் திறந்ததில்லை.

“கெசீனா, வை.”

டிக், டிக்.

“ரெண்டு வருஷம் கழிச்சு என் புள்ள கூப்பிடறான். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், வச்சிடு.”

டிக், டிக்.

எட்னாவுக்குப் பொறுக்கவில்லை.

“நீ ஏன் வைக்க மாட்டேங்கறேன்னு எனக்குத் தெரியும்டி. ஆமா, நான்தான்! ஜெர்மனியோட போர் நடக்கறப்ப போன்ல ஜெர்மன் பேசக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. நீ உங்கம்மாகிட்ட பேசினே. நான்தான் ஷெரீஃப்கிட்ட போய்ச் சொன்னேன். என் தம்பி பிரான்ஸ்ல குண்டுக்கு நடுவுல கிடந்தான், எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. உங்கம்மாவுக்கு வேற பாஷை வராது. அதுவும் தெரிஞ்சுதான் சொன்னேன். நாப்பது மைல் தள்ளி அவங்க சாகக் கிடந்தப்ப, உன்னால ஒரு வார்த்தை பேச முடியல. எல்லாம் சரி. பழி தீர்த்துக்க. ஆனா இன்னிக்கு வேணாம் கெசீனா, நாளைக்குத் தீர்த்துக்க!”

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“நான் வச்சாலும் உனக்குக் கேக்காது எட்னா. கம்பியில தெம்பு இல்ல. என் வீடு வரைக்கும்தான் அவன் குரல் வருது.”

எட்னா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அவன் சொல்றதை நான் உனக்குச் சொல்றேன். நீ சொல்றதை அவனுக்குச் சொல்றேன். சீக்கிரம். வீட்டுக்கு வரலாமான்னு கேக்கறான்.”

“வரச் சொல்லு! உடனே வரச் சொல்லு!”

“அம்மா வரச் சொல்றாங்கப்பா... ம்... ம்...” கெசீனா கொஞ்சம் தயங்கினாள். “எட்னா, அப்பா கோவம் தணிஞ்சிடுச்சான்னு கேக்கறான். தணியலேன்னா கலிஃபோர்னியா ரயில்ல ஏறிடுவானாம்.”

எட்னா பேச வாயெடுத்தாள். எங்கேயோ ஒரு ரயில் நிலையத்தில் பசியோடு தனியாக நிற்கிற பிள்ளையிடம், அதுவும் இன்னொருத்தி வாயால், அப்பா செத்துப்போனதை எப்படிச் சொல்லி அனுப்புவது? சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

“எட்னா, நேரம் முடியப் போகுதாம். என்ன சொல்லட்டும்?”



கெசீனா அதற்குமேல் காத்திருக்கவில்லை. நெவாடா வரைக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்:

“கோவம் எல்லாம் போயிடுச்சு வெஸ்லி, நீ கிளம்பி வா. ஸ்டேஷன்லேருந்து நேரா உங்க வீட்டுக்குப் போயிடாத, முதல்ல என் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடு. அப்புறம் நானே உன்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”