டபுள் பி

"இன்னொரு டியூபாவையும் எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. அப்பதான் நான் நிம்மதியா மக வீட்டுக்குக் கிளம்புவேன்."

அவன் புரியாமல் விழித்தான். அவனோடு பேண்டு வாத்தியக் குழுவில் வாசித்த அண்ணன் இறந்த மறுவாரமே, ஆள் பாதி உயரமிருந்த அந்தப் பித்தளை வாத்தியத்தைக் குழுவிடம் திருப்பிக் கொடுக்க அவன்தான் வந்து தூக்கிப் போனான்.

"இருந்ததே ஒண்ணுதான் அண்ணி."

"பேண்டு ரிஜிஸ்டர்ல 'டபுள் பி'ன்னு அவர் கையெழுத்துப் போட்டிருக்காரே. டபுள்னா ரெண்டுதானே?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்குப் பேர் வெச்சவனைத்தான் உதைக்கணும். டபுள்னா சுருதி ரொம்பக் கீழேன்னு அர்த்தம். அண்ணனோடதுக்கு முக்கால் சைஸுன்னு பேரு. தூக்கினா இடுப்பு முழுசாப் போயிடும்."

அண்ணி சிரிக்கவில்லை. மாடி அறைச் சாவியை நீட்டினாள். "அவர் போனப்புறம் நான் அங்க ஏறினதே இல்ல. நீங்களே பாருங்க."

ஒரு நாற்காலி. டியூபா நின்ற இடத்தில் தரையில் வட்டமாக ஒரு தடம். அவ்வளவுதான்.

"காலியா இருக்கு அண்ணி" என்றபடி இறங்கி வந்தான்.

கட்டி வைத்த பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் மகளுக்குப் போன் போட்டாள். "நான் வரலைம்மா."

"ஏன் அண்ணி?" என்று பதறினான் அவன்.

"தினமும் சாயங்காலம் மாடியில டியூபா சத்தம் கேட்குது தம்பி. மிச்சமிருக்கற இன்னொரு டியூபாவுக்குள்ள காத்து பூந்து ஊதுதுன்னு நெனச்சிட்டிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"